வாய் மூடிக்கொள்ளும் உறை

தாராவி, மும்பை

அன்புள்ள மாப்ளே,

காதுகுத்துக்கு வராததற்கு நீ கோபமாகத்தான் இருப்பாய். அதை நேரில் வந்து தீர்த்துக்கொள்கிறேன். அண்ணாச்சி சௌக்கியம். இங்கே நாலு நாளாக மழை விடவில்லை. இந்தக் கடிதம் அதற்கெல்லாம் இல்லை. நீ அனுப்பின துப்பாக்கி உறை வந்து சேர்ந்தது. தையலைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் அதை யாருக்கும் விற்காதே. நகைக்கடைக்காரருக்கு ஒன்று கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தாயே, அதை இன்றைக்கே திரும்ப வாங்கு.

உறையின் வாயில் இரண்டு விரல் விட்டு எடுத்தேன். எடுத்த உடனே வாய் ஒட்டிக்கொண்டது. ட்ரிக்கர் வரும் இடத்தை வெளியிலிருந்து கட்டைவிரலால் அமுக்கினால் மறுபக்கத் தோல் வரைக்கும் போகிறது. பேன்ட் பையில் வைக்கிற உறைக்கு முதல் வேலையே ட்ரிக்கரைக் காப்பதுதான். உட்காரும்போது துணி அமுக்கும், பையில் கிடக்கும் சாவி அமுக்கும். எதுவும் ட்ரிக்கர் வரைக்கும் போகக் கூடாது. ரிவால்வர் ட்ரிக்கர் கனமாக இருக்கும் என்று சமாதானம் சொல்லாதே. குண்டைத் தட்டுகிற சுத்தியல் பின்னால் போய் நின்றுவிட்டால் லேசாகப் பட்டாலே போதும்.

தப்பு தோலில் தொடங்குகிறது. நீ போட்டது ஜாக்கெட்டுக்கு வாங்கி மிஞ்சின, குரோம் உப்பில் பதனிட்ட தோல். நனைத்து அச்சில் வைத்தாலும் காய்ந்ததும் பழையபடி தொளதொளத்துவிடும். துப்பாக்கி இரும்புக்கும் அது ஆகாது, துரு ஏறும். ஊரிலேயே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோலை வைத்துக்கொண்டு நீ ஏன் இதைத் தொட்டாய்? பட்டையில் பதனிட்ட தோல்தான் நனைத்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். முதுகுப் பக்கமாக எடு. வயிற்றுப் பக்கம் இழுபடும்.

மொத்தக் கனம் 2 முதல் 2.4 மில்லிமீட்டர் வரைக்கும் வேண்டும். கையில் இருப்பது 1.2 என்றால் இரண்டு ஒட்டு. உள் தோலின் வழவழப்பான முகம் துப்பாக்கியைப் பார்க்கட்டும். வெளித் தோலின் சதைப்பக்கம் வெளியே வரட்டும். அந்தச் சொரசொரப்புதான் பைத்துணியைப் பிடித்து உறையை உள்ளேயே நிறுத்தும். இப்படி ஒட்டும்போது உள் தோலின் சதைப்பக்கம் வெளித் தோலின் முகத்தில் வந்து உட்காரும். அந்த முகத்தை எமரித்தாளால் நன்றாகத் தேய்க்காமல் சொல்யூஷன் போட்டால் ஒரு மாதத்தில் உரியும்.

அடுத்தது பேட்டர்ன். துப்பாக்கியைச் சுற்றிலும் 10 மில்லிமீட்டர் விட்டு வெட்டியிருக்கிறாய். துப்பாக்கியின் கனத்தில் பாதி, அதோடு தோலின் கனம், அவ்வளவு தள்ளித்தான் தையல் கோடு வர வேண்டும். கனம் அளக்கிற வெர்னியர் 34 மில்லிமீட்டர் காட்டினால் 17ம் 2ம் சேர்ந்து 19. குண்டு போடுகிற சிலிண்டர் இருக்கும் இடத்தில் உனக்கு இடமே இல்லை. இடம் பத்தாமல்தான் இழுபடுகிற தோலைத் தேடிப் போயிருக்கிறாய். கணக்குப் போட்ட பிறகும் அட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் தோலில் கத்தி வை.

அந்த நகைக்கடைக்காரரின் துப்பாக்கியைக் கடையில் வாங்கி வைத்துக்கொள்ளாதே. லைசென்ஸ் அவர் பேரில் இருக்கிறது, உன் பேரில் இல்லை. குண்டெல்லாம் எடுத்துவிட்டு அவரையே உட்காரவைத்து, அளவெடுத்த கையோடு திருப்பிக் கொடு. அந்த அளவுக்குத் தேக்கில் ஒரு பொம்மைத் துப்பாக்கி செதுக்கச் சொல். இரண்டு கை வார்னிஷ் அடித்து, மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்று. இல்லாவிட்டால் ஈரத்தில் மரம் ஊதிவிடும்.

தைத்த உறையை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கு. குமிழி நின்றதும் எடு. ஈ.ஐ. தோலில் எண்ணெய் இருப்பதால் கொஞ்சம் கூடவே நேரம் எடுக்கும். தோலின் பழைய நிறம் திரும்பத் தொடங்கும்போது பொம்மையை உள்ளே விட்டு, எலும்புக் கட்டையால் ஓரம் ஓரமாக அழுத்து. ட்ரிக்கரைச் சுற்றியிருக்கிற வளையம், அந்த ட்ரிக்கர் கார்டின் வெளிக்கோடு தெரிந்தால் போதும். வளையத்துக்குள்ளே தோலைக் குழித்துவிடாதே. நாளாக நாளாக அந்தக் குழி தளர்ந்து ட்ரிக்கரைத் தொடும். மின்விசிறிக் காற்றில், நிழலில் காயட்டும். உனக்கு ஒரு நாள் போதும். இங்கே ஆடி மழையில் மூன்று நாள்கூட ஆகிறது. ஹேர் டிரையரைப் பக்கத்தில் கொண்டுபோனால் தோல் சுருங்கி அப்பளமாக நொறுங்கும்.

வாய்க்கு 15 மில்லிமீட்டர் அகலத்தில் இன்னொரு தோல் பட்டை வைத்துத் தை. உன் உறையில் இல்லாததே அதுதான். கீழ் ஓரத்தில், ட்ரிக்கர் கார்டுக்குப் பின்னால், கொக்கிபோல ஒரு மூக்கு விடு. துப்பாக்கியை உருவும்போது அது பையின் ஓரத்தில் மாட்டி உறையை நிறுத்தும். மெழுகு நூல் 0.8 மில்லிமீட்டர், ஒவ்வொரு தையலும் 4 மில்லிமீட்டர், நூல் நீளம் தையல் கோட்டைப்போல நாலு மடங்கு. இதெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளிப்பக்கத்துக்குப் பாலிஷ் போட்டுவிடாதே, வழுக்கும்.

கொடுக்கும் முன்னால் காலித் துப்பாக்கியை வைத்துக் கவிழ்த்துப் பார், விழக் கூடாது. அவர் போடுகிற பேன்ட்டிலேயே இருபது தடவை உருவச் சொல். ஒரு தடவை உறையும் கூடவே வெளியே வந்தாலும் மூக்கைத் திருத்து. திரும்ப வைப்பதற்கு முதலில் உறையை வெளியே எடுத்து, துப்பாக்கியை அதில் செருகி, பிறகுதான் பைக்குள் விட வேண்டும். அந்தப் பையில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. இரவில் உறையோடு வைத்தால் ஈரம் கோத்துத் துருப்பிடிக்கும். 2016 ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையில், முழுக்க மூடியே இருக்க வேண்டும் என்பதையும் அவர் காதில் போட்டுவை.

முதுகுத் தோல் நாலு சதுர அடி அனுப்பு, மாதிரி ஒன்று நானே செய்து தருகிறேன். அத்தையிடம் முறுக்கு வந்து சேர்ந்தது என்று சொல். அதற்கு முன்னால் நகைக்கடைக்காரருக்குப் போன் போட்டுவிட்டு, உறை கைக்கு வந்துவிட்டது என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்.

உன் மச்சான்