பாடும் வேஷத்தைப் பாடத் தெரிந்தவருக்குக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் மேடை இசை நாடகங்கள் படமாவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நடிகருக்குப் பாடத் தெரியாவிட்டால் என்ன, நம் ஊரில் எல்லாம் பின்னணிக் குரல்தானே என்று போகிற போக்கில் ஒரு வரி. எனக்கு மனசு ஆறவே இல்லை. உங்கள் பத்திரிகையிலா இப்படி?

நம் படங்களில் பாட்டு வந்தால் கதை கொஞ்சம் ஒதுங்கி வழிவிடும், அதனால் டி.எம்.எஸ். குரலும் சிவாஜி முகமும் அழகாக ஒட்டிக்கொண்டன. மேடையிலிருந்து படமான ‘லே மிசரபிள்’ இசை நாடகம் அப்படியா? அங்கே பேச்சே பாட்டுதான். 2012 படத்தில் காதில் பியானோவைக் கேட்டுக்கொண்டு படப்பிடிப்பிலேயே நேரடியாகப் பாடினார்கள், நல்ல முயற்சி. ஆனால் போலீஸ் அதிகாரி ஜாவேராக வரும் ரஸ்ஸல் க்ரோ, தான் துரத்தும் ழான் வால்ழானோடு மோதும் இடத்தில் குரல் எழும்பவில்லை, கோபமும் கூடவே படுத்துவிட்டது. லண்டன் மேடையிலிருந்து வந்த சமந்தா பார்க்ஸ் அதே படத்தில் எபோனினாகப் பாடுவதைக் கேளுங்கள், வித்தியாசம் தெரியும்.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவன் நான். ஒரு பங்குனித் திருவிழாவில் ‘வள்ளி திருமணம்’. போஸ்டரில் முகம் நன்றாக இருக்கிறது என்று ஒரு பையனை ராஜபார்ட்டாக, அதாவது கதாநாயகனாகப் போட்டார்கள். நாலரைக் கட்டைச் சுருதியில் அவனால் நிற்க முடியவில்லை, மூன்றுக்கு இறக்கினேன். அவன் தப்பித்தான், ஆனால் எதிரே நின்ற வள்ளிக்குக் கீழ் ஸ்தாயியில் குரலே வரவில்லை. இருபது வருஷம் பாடிய அந்த அம்மா, பாட்டிலேயே நடக்கும் தர்க்கத்தில் தோற்கிற மாதிரி நின்றார். சாமம் ஆவதற்குள் ஜனம் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. ஒருவருக்குப் பாட வராவிட்டால் பாதிப்பு அவரோடு நிற்பதில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, குரலை வேறு ஒருவரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்பீர்கள். வாங்கினார்களே! ‘மை ஃபேர் லேடி’ இசை நாடகத்தின் நாயகி வேஷத்தை 1956 முதல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் பாடி நிலைநிறுத்தியவர் ஜூலி ஆண்ட்ரூஸ். 1964 படத்தில் அந்த வேஷம் ஆட்ரி ஹெப்பர்னுக்குப் போனது. ஹெப்பர்ன் மாடாக உழைத்துப் பயிற்சி எடுத்தும் பெரும்பாலான பாட்டுகளில் மார்னி நிக்ஸனின் குரலைத்தான் வைத்தார்கள். ‘தி கிங் அண்ட் ஐ’யில் டெபோரா கெர்ருக்கும், ‘வெஸ்ட் சைடு ஸ்டோரி’யில் நடாலி வுட்டுக்கும் பாடியவர் அதே நிக்ஸன்தான். படத்தில் பெயர் கூடப் போடவில்லை. நம் பக்கம் பாட்டுப் புத்தகத்திலும் இசைத்தட்டிலுமாவது பாடகர் பெயர் இருந்தது. கட்டுரையாளர் ஹெப்பர்னின் தொப்பியைப் பற்றி ஒரு பத்தி எழுதுகிறார், நிக்ஸனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மேடையில் பாடி நடித்த எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும்தான் 1934இல் ‘பவளக்கொடி’ படத்திலும் பாடி நடித்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? இன்றைக்கும் முடியாத காரியம் இல்லை, 2024இல் வந்த ‘விக்கிட்’ (Wicked) இசைப் படத்தில் நாயகி சிந்தியா எரிவோ தானே பாடுகிறாரே.

ஒரு வேண்டுகோள்தான். இனி இசைப் படத்துக்கு விமர்சனம் போட்டால் நடித்தவர் பெயருக்குப் பக்கத்தில் பாடியவர் பெயரையும் போடுங்கள். அடுத்த இதழிலேயே மார்னி நிக்ஸனின் பெயரைத் திருத்தமாக வெளியிட்டால் சந்தோஷப்படுவேன்.

இப்படிக்கு,
ஓர் ஆர்மோனியக்காரர், மதுரை