கடிகாரம் முதல் வாசலிலேயே ஓடட்டும்

மாரடைப்புச் சிகிச்சையின் தரத்தை அளக்கும் குழுவினருக்கு,

வணக்கம். மருத்துவமனைகளுக்கு நீங்கள் மதிப்பெண் கொடுத்த புதிய மதிப்பீட்டைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். நோயாளி மருத்துவமனை வாசலுக்குள் வந்ததிலிருந்து இதய ரத்தக்குழாய் அடைப்பை பலூன் வைத்துத் திறக்கும்வரை 90 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்ற கணக்கை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் கேட்பது, எந்த வாசலிலிருந்து?

என் அம்மா சர்க்கரை நோயாளி. நெஞ்சுவலியே வரவில்லை, மூச்சு வாங்கியது, தாடை இழுத்தது, புடவை நனையும் அளவுக்கு வியர்த்தது. முதலில் போன மருத்துவமனையில் வாயுத் தொல்லை என்று உட்கார வைத்துவிட்டார்கள். 10 நிமிடத்துக்குள் எடுக்க வேண்டிய இசிஜியை ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் எடுத்தார்கள், எடுத்ததும் பதறிப்போய் இங்கே வசதி இல்லை, உடனே வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள், ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி பற்றிப் பேச்சே இல்லை, அப்புறம் ஆம்புலன்ஸுக்கு வேறு காத்திருந்தோம். அவ்வளவு நேரமும் அம்மா என் மணிக்கட்டை விடவே இல்லை. இரண்டாவது மருத்துவமனையில் எல்லாம் மளமளவென்று நடந்தது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பிழைத்துவிட்டார். ஆனால் இன்று பத்துப் படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார்.

உங்கள் புதிய மதிப்பீட்டில் இரண்டு மருத்துவமனைகளுக்கும் நல்ல மதிப்பெண். மாற்றி அனுப்பப்பட்டவர்களை 90 நிமிடக் கணக்கில் சேர்ப்பதில்லை; அனுப்பிய இடத்தில் பலூன் சிகிச்சையே இல்லாததால் அங்கும் கணக்கில்லை. அம்மாவின் இதயத் தசை செத்துக்கொண்டிருந்த அந்த நேரம் யாருடைய ஏட்டிலும் இல்லை. தயவுசெய்து முதல் வாசலிலிருந்து எண்ணுங்கள்.

அமெரிக்காவில் 2005-க்கும் 2009-க்கும் இடையில், வாசலிலிருந்து பலூன் வரை ஆகும் நேரத்தின் இடைநிலை அளவு (பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்) 83 நிமிடத்திலிருந்து 67 ஆகக் குறைந்தும், மருத்துவமனைக்குள் நடந்த இறப்பு விகிதம் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. ஒரு துண்டு நேரத்தை மட்டும் சுருக்கினால் போதாது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்களா என்று பார்க்கிறீர்கள், சரி. எது எதற்கு, எதை நிறுத்தவே கூடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சீட்டில் மருந்துப் பெயர் இருந்தால் தரமான சிகிச்சை ஆகிவிடுமா? மோசமான நிலையில் வருபவர்களை ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனைகள் இறப்புக் கணக்கில் அடிபடாமல் வயதுக்கும் நோய்க்கும் ஏற்ப நீங்கள் சரிசெய்கிறீர்கள். அந்த அக்கறையில் கொஞ்சம் நோயாளி பக்கமும் வரட்டும்.

கோபத்தில் ஏதும் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த அறிக்கையிலாவது மாற்றி அனுப்பப்பட்டவர்களையும் சேர்த்து, முதல் வாசலிலிருந்து இசிஜி வரை எவ்வளவு நேரம், அங்கிருந்து கிளம்பும்வரை எவ்வளவு நேரம் என்று மருத்துவமனை வாரியாக வெளியிடுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அதைத் தனியாகவும் காட்டும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மகள்