நாலு ஏக்கரும் அங்கேயேதான் இருக்கிறது

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்ற செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அடுத்த பத்திக்கு வந்ததும் குரல் தாழ்ந்துவிட்டது. உன் அப்பா வாங்கிய காட்டுக்குக் கிரயப் பத்திரத்தில் நான்கு ஏக்கர் என்று எழுதியிருக்க, இப்போது எடுத்த பட்டாவில் 1 - 62.00 என்று மட்டும் இருப்பதைப் பார்த்து, இரண்டு ஏக்கர் முப்பத்தெட்டு சென்ட் எங்கே போயிற்று என்று தெரியாமலும், ஊரில் இருந்து பண்ணையம் பார்க்கும் தம்பியிடம் அதைக் கேட்க வாய் வராமலும் இரண்டு இரவுகள் உறங்கவில்லை என்று எழுதியிருந்தாய். அதனால்தான் மற்ற செய்திகளையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு முதலில் இதற்குப் பதில் எழுதுகிறேன். உன் நிலத்தில் ஒரு சாண்கூடக் குறையவில்லை. நாலு ஏக்கரும் அங்கேயேதான் இருக்கிறது. தம்பியிடம் நீ எதுவும் கேட்காமல் இருந்தது நல்லதாயிற்று.

பட்டாவை மறுபடியும் எடுத்து, பரப்பு என்ற கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பார். ஹெக்டேர் - ஏர் என்று இருக்கும். நீ அதை ஏக்கர் - சென்ட் என்று படித்திருக்கிறாய். அங்கே இருப்பது 1 ஹெக்டேரும் 62 ஏரும். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர், ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர். ஆகவே உன் நிலம் 16,200 சதுர மீட்டர். ஓர் ஏக்கருக்கு 4,046.86 சதுர மீட்டர் என்று வகுத்துப் பார்த்தால் 4.003 ஏக்கர் வருகிறது. பத்திரத்தில் உள்ளதைவிடச் சுமார் 135 சதுர அடி கூடுதலாகத் தெரிவதும், எண்ணை முழுமையாக்கி எழுதியதால் வந்ததே தவிர, பக்கத்துக் காட்டுக்காரருடைய மண் அல்ல.

இந்த மயக்கம் உனக்கு மட்டும் வந்ததன்று. எங்கள் தெருவிலேயே இதே காரணத்துக்காக அண்ணன் தம்பி இருவர் ஆறு மாதம் பேசாமல் இருந்தார்கள். ஆகவே இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. சென்ட் என்பதும் நூற்றில் ஒன்று, ஏர் என்பதும் நூற்றில் ஒன்று. இரண்டும் புள்ளிக்கு அந்தப் பக்கத்தில் இரண்டு இலக்கமாகவே வந்து நிற்கின்றன. ஆனால் சென்ட் என்பது ஏக்கரின் நூற்றில் ஒன்று, ஏர் என்பது ஹெக்டேரின் நூற்றில் ஒன்று. எந்த முழுமையை நூறாகப் பிரித்தார்கள் என்று பார்க்காமல் புள்ளியை மட்டும் பார்த்தால் ஏமாந்துதான் போவோம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஓர் ஏர் ஏறத்தாழ 1,076 சதுர அடி. ஓர் ஏருக்குள் இரண்டரை சென்டுக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 2.47 சென்ட் அடங்கும்.

மைசூரில் இருக்கும் உனக்கு இதை இன்னும் எளிதாக மனத்தில் வைக்க ஒரு வழி இருக்கிறது. அங்கே நிலத்தைக் குண்டே என்ற கணக்கில் பேசுவார்கள் அல்லவா? 33 அடிக்கு 33 அடி சதுரம் ஒரு குண்டே. 1,089 சதுர அடி. நம் பட்டாவில் உள்ள ஏருக்கும் அதற்கும் பதின்மூன்று சதுர அடிதான் வேறுபாடு. நாற்பது குண்டே ஓர் ஏக்கர் என்பது உனக்குத் தெரியும். உன் பட்டாவின் 162 ஏரை 162 குண்டே என்று நினைத்துப் பார், நாலு ஏக்கர் உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும். பத்திரத்தில் எழுத இது போதாது, மனக்கணக்குக்குப் போதும்.

இந்த அளவுகள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று கேட்டிருந்தாய். ஓர் ஏக்கருக்கு 43,560 சதுர அடி என்ற எண்ணைப் பார்த்தால் யாரோ கண்ணை மூடிக்கொண்டு எழுதியதைப் போலத்தான் இருக்கும். ஆனால் அதற்கு ஒரு சங்கிலி காரணம். 1620ஆம் ஆண்டு வாக்கில் எட்மண்ட் குன்டர் என்ற இங்கிலாந்துக் கணித அறிஞர், 66 அடி நீளத்தில் நூறு கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலியை நில அளவைக்கு வகுத்துக் கொடுத்தார். ஒரு சங்கிலி நீளம், ஒரு சங்கிலி அகலம் என்றால் 4,356 சதுர அடி. அப்படிப் பத்து சேர்ந்தால் ஓர் ஏக்கர். ஒரு சதுரச் சங்கிலிக்குச் சரியாகப் பத்து சென்ட், ஒரு சென்டுக்குச் சரியாக ஆயிரம் சதுரக் கண்ணி என்று கணக்கு அழகாக அமைந்துவிடுகிறது. அடியில் பார்த்தால் கோணலாகத் தெரியும் ஏக்கர், சங்கிலியில் பார்த்தால் பத்துப் பத்தாக நிற்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் நம் ஊர்க் காடுகளை அளந்தது இந்தச் சங்கிலியால்தான். உன் அப்பாரு "சங்கிலி போட்டு அளந்த காடு" என்று சொல்லுவது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஏக்கர் என்பது முதலில் ஒரு சோடி எருது ஒரு நாளில் உழக்கூடிய நிலத்துக்கு இருந்த பெயர். ஹெக்டேரும் ஏரும் பிரான்சிலிருந்து வந்தவை. 1795ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவை வகுக்கப்பட்டன. அந்த ஏர் லத்தீன் மொழியில் பரப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது, நம் கலப்பையாகிய ஏருக்கும் அதற்கும் உறவில்லை. உழுத நிலத்தை அளந்த சொல் ஏக்கர், ஆனால் உழும் கருவியின் பெயரோடு நம் பட்டாவில் வந்து உட்கார்ந்திருப்பது பிரெஞ்சு ஏர் என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கிறது. நம் நாட்டில் எடை, அளவுச் சட்டம் 1956இல் வந்தது. கிலோவும் லிட்டரும் கடைக்கு வந்து நம் நாவில் பழகிவிட்டன. வருவாய்த் துறைப் பதிவேடுகளும் ஹெக்டேருக்கு மாறின. ஆனால் காட்டை விற்பவரும் வாங்குபவரும் இன்றுவரை ஏக்கரையும் சென்டையும் விடவில்லை. பேச்சில் ஒன்றும் பட்டாவில் ஒன்றும் இருக்கும் வரை நம்மைப் போன்றவர்களுக்கு இந்தச் சங்கடம் இருக்கத்தான் செய்யும்.

எனக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஏக்கர் மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடித்தேன். கையேட்டில் இருந்த அளவு ஹெக்டேருக்கு. நான் அதை அப்படியே ஏக்கருக்குக் கலந்துவிட்டேன். அடிக்க வேண்டியதைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு மருந்து மண்ணில் இறங்கியது. சோளம் எப்படியோ தேறியது. அதற்குப் பின் விதைத்த உளுந்து பாதிகூட முளைக்கவில்லை. முளைத்ததும் மஞ்சளித்துப் போயிற்று. விதையும் கூலியும் போனதைவிட, தவறு எழுத்தில் இருந்த ஒரு சொல்லை நான் கவனிக்காததால் வந்தது என்பதுதான் மனத்தை வருத்தியது. அன்றிலிருந்து எந்தப் பரிந்துரையைப் படித்தாலும் எண்ணுக்கு முன் அலகைத்தான் படிக்கிறேன். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் உரப் பரிந்துரைகளும் பெரும்பாலும் ஹெக்டேருக்கே இருக்கும். ஏக்கருக்கு வேண்டுமானால் 2.47ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும், அவசரத்துக்கு நூற்றுக்கு நாற்பது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே "அஞ்சு ஏக்கர் ரெண்டு ஹெக்டேர்" என்று ஒரு வாய்க்கணக்கு வழங்குகிறது. மருந்துக்கும் உரத்துக்கும் அது தாராளமாகப் போதும். நிலம் வாங்கும்போது போதாது. ஐந்து ஏக்கர் என்பது உண்மையில் 2.0234 ஹெக்டேர், விட்டுப்போகும் 2.34 ஏரைச் சதுர அடியாக்கினால் 2,500க்கு மேல் வருகிறது. சென்னைக்காரர்கள் ஒரு கிரவுண்டு என்று சொல்லும் 2,400 சதுர அடியைவிட அது பெரிது. ஒரு வீட்டு மனை அளவுக்கு நிலம் ஒரு வாய்க்கணக்கில் காணாமல் போகலாம் என்பதால், பத்திரம் எழுதும் இடத்தில் ஓர் ஏக்கருக்கு 0.4047 ஹெக்டேர் என்ற எண்ணை முழுதாகப் போட்டுப் பெருக்குவதே முறை.

இன்னொரு பிழையும் அடிக்கடி கண்ணில் படுகிறது. மருமகன் ஒருவர் வீடு கட்ட வரைபடம் கொண்டுவந்தார்; 10 மீட்டருக்கு 12 மீட்டர். ஒரு மீட்டருக்கு 3.28 அடி என்பதால் 120ஐ 3.28ஆல் பெருக்கி, வீடு 394 சதுர அடிதானா என்று முகம் வாடிப்போனார். நீளமும் 3.28 மடங்கு பெருகும், அகலமும் 3.28 மடங்கு பெருகும், ஆகவே பரப்பு 10.764 மடங்கு பெருகும் என்று தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு மீட்டர்ச் சதுரம் போட்டு, அதற்குள் அடிக்கட்டங்களை வரைந்து காட்டினேன். முழுக் கட்டங்கள் ஒன்பதும், ஓரத்தில் துண்டுகளும் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வீடு ஏறத்தாழ 1,292 சதுர அடி என்பதை நம்பினார்.

மழை பற்றிக் கேட்டிருந்தாய். ஆனி கடைசியில் ஓர் உழவு மழை பெய்தது; மழைமானியில் 25 மில்லிமீட்டர். இங்கும் பரப்புக் கணக்குதான்: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். ஆகவே ஓர் ஏக்கரில் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் விழுந்திருக்கிறது. மீட்டர் கணக்கின் அருமை எனக்குப் புரிவது இந்த இடத்தில்தான்; இதையே அங்குலத்திலும் ஏக்கரிலும் போட்டால் பாதி நாள் போய்விடும். கீழ்பவானிப் பாசனத்தின் 2,07,000 ஏக்கரையும் இப்படி ஹெக்டேராக்கி, ஏறத்தாழ 83,770 ஹெக்டேர் என்று வைத்துக்கொண்டால், அணையிலிருந்து விடும் தண்ணீர் வயலில் எத்தனை மில்லிமீட்டர் நிற்கும் என்று நீயே கணக்கிடலாம்.

இனி உங்கள் பாகப் பிரிவினைக்கு வருகிறேன். நீ, தம்பி, தங்கை மூவரும் சமபங்கு என்று முடிவு செய்திருப்பது மிகவும் நல்லது. நாலு ஏக்கரை மூன்றாக்கினால் ஆளுக்கு 133.33 சென்ட் என்று முடிவில்லாமல் போகும். பட்டாவின் 162 ஏரை மூன்றாக்கினால் ஆளுக்குச் சரியாக 54 ஏர், ஒருவருக்கும் குறையில்லை. ஆகவே பத்திரத்தில் முதலில் 0.54.00 ஹெக்டேர் என்று எழுதி, அதற்குச் சமமாக 1 ஏக்கர் 33.4 சென்ட் என்று பக்கத்திலேயே எழுதச் சொல். சர்வே எண்ணும், நான்கு பக்க எல்லை விவரமாகிய செக்குபந்தியும் பிழையில்லாமல் இருக்கட்டும். எல்லைக்கும் பரப்பளவுக்கும் முரண் வந்தால் எல்லைக்கே முதலிடம் தருவது நீதிமன்றங்களின் பொதுவான நிலை. உட்பிரிவுக்கு நில அளவையர் வந்து கல் நடும்போது மூவரும் காட்டில் இருக்க வேண்டும், குறிப்பாகத் தங்கை. கிணறு பொதுவில் இருக்குமானால் அதன் பரப்பைத் தனியே அளந்து கழித்துவிட்டு மீதியைத்தான் மூன்றாக்க வேண்டும் என்பதை இப்போதே பேசிக்கொள்ளுங்கள். அப்போது 54 என்பது சற்றுக் குறையும்.

ஆடி பதினெட்டுக்கு வருவதாக எழுதியிருந்தாய். கிரயப் பத்திரத்தின் நகலையும், பட்டாவையும், நிலத்தின் பக்க அளவுகள் குறித்த வரைபடமாகிய புலப்படத்தையும் எடுத்து வா. முப்பது மீட்டர் நாடா என்னிடம் இருக்கிறது. அளவையர் வருவதற்கு முன், காலையில் வெயில் ஏறாத நேரத்தில், தம்பியையும் கூட்டிக்கொண்டு கிளுவை வேலி ஓரமாக ஒரு சுற்று அளந்து பார்த்துவிடலாம். புலப்படம் பழையதாக இருந்தால் அதில் உள்ள எண்கள் மீட்டரில் இல்லாமல் கண்ணிக் கணக்கில் இருக்கும். ஒரு கண்ணிக்கு 20.12 சென்டிமீட்டர் என்று நான் இப்போதே ஒரு தாளில் மாற்றிப் போட்டு வைக்கிறேன், நீ எண்களை மட்டும் முன்னதாக எழுதி அனுப்பு.

உன்
பள்ளித் தோழன்