குளியலறை ஹீட்டர்: கடையில் சொல்லாதவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்ததும் குன்னூர்க் கடைகளின் வாசலில் அறை ஹீட்டர்களை அடுக்கிவிடுகிறார்கள். விலையையும் வாட்டையும் சொல்லும் கடைக்காரர்கள், அது குளியலறைக்கு ஏற்றதா என்பதைக் கேட்டால்தான் சொல்கிறார்கள். சில வேளை கேட்டாலும் சொல்வதில்லை. சென்ற ஆண்டு அப்படி வாங்கிய 2,000 வாட் ஃபேன் ஹீட்டரை, படுக்கையறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, குளியலறைக்குள் ஒரு ஸ்டூலின் மேல் வைத்துப் பயன்படுத்தினோம். மூன்றாம் வாரத்தில் பாக்ஸின் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. பிளக்கின் ஒரு பின் கருத்துப்போயிருந்தது. கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும் கருவியை 6 ஆம்பியர் பாக்ஸில் செருகியது எங்கள் தவறுதான். ஆனால், பெரிய பின் பிளக்கைச் சிறிய சாக்கெட்டில் செருக உதவும் கன்வர்ஷன் பிளக்கை ஹீட்டரோடு சேர்த்து விற்றதும் அதே கடைதான்.

பத்து நிமிடக் குளியலுக்கு ஃபேன் ஹீட்டர் பொருத்தமானதும் அல்ல. ஈர உடம்பின் மேல் காற்று பட்டால், அது வெதுவெதுப்பான காற்றாக இருந்தாலும், குளிரவே செய்யும். எண்ணெய் நிரப்பிய ஹீட்டர் சூடேறுவதற்குள் குளித்து முடித்துவிடலாம். காற்றைச் சூடாக்காமல் உடம்பின் மேல் நேரடியாக வெப்பத்தை வீசும், சுவரில் உயரப் பொருத்தும் குவார்ட்ஸ் ஹீட்டரே சிறிய குளியலறைக்கு ஏற்றது. 1,200 வாட் போதும். கால் மணி நேரம் எரிந்தால் 0.3 யூனிட்தான் செலவாகும். பெட்டியின் மேல் ‘ஐபிஎக்ஸ்4’ அல்லது அதற்கு மேற்பட்ட குறியீடு இருக்க வேண்டும்; எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பது அதன் பொருள். கரியடுப்பை உள்ளே வைப்பது பற்றிப் பேசவே வேண்டாம். மூடிய அறையில் அதன் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும்.

பொருத்தும் இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். நம் குளியலறைகளில் படுத்துக் குளிக்கும் தொட்டியும் இல்லை, தடுப்பும் இல்லை. தண்ணீர் எங்கும் தெறிக்கும். ஆகவே ஷவரிலிருந்து குறைந்தது 1.2 மீட்டர் தள்ளி, கைக்கு எட்டாத உயரத்தில் ஹீட்டரை மாட்டி, சுவிட்சைக் கதவுக்கு வெளியே வைப்பதே முறை. கீசருக்கு வரும் லைனிலிருந்தே இதற்கும் இணைப்பு எடுத்துவிடலாம் என்று சில வயர்மேன்கள் சொல்வார்கள். அதற்கு இணங்கக் கூடாது. 2,000 வாட் கீசரும் 1,200 வாட் ஹீட்டரும் சேர்ந்து ஏறத்தாழ 14 ஆம்பியர் இழுக்கும்; பழைய, மெல்லிய ஒயர் சுவருக்குள்ளேயே சூடாகிக்கொண்டிருக்கும். ஹீட்டருக்கு எர்த்துடன் கூடிய தனி லைன் வேண்டும்.

மெயின் போர்டில், மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் எம்.சி.பி. சுவிட்ச் இருக்கிறதே என்று நம்பி இருந்துவிடக் கூடாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒயரைத்தான் காக்கும், ஈரக் கையின் வழியே கசியும் சில பத்து மில்லி ஆம்பியர் அதற்குத் தெரியவே தெரியாது. ஆளைக் காப்பதற்கு, மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். அதிலுள்ள ‘டி’ (T) என்ற சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும்; அழுத்தியதும் நெம்புகோல் விழுந்து மின்சாரம் நிற்க வேண்டும். இந்த ஆண்டு புது ஹீட்டர் மாட்டும்போது எங்கள் வீட்டில் அதை அழுத்தினோம். நெம்புகோல் அசையவே இல்லை. வீடு கட்டிய நாளிலிருந்து அதை யாரும் தொட்டதில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குன்னூர்