தென்பெருங்கடலில் துணை நின்றவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலில் நடந்த ஆய்வுப் பயணத்தில் நாங்கள் எடுத்த நீர் மாதிரிகள் கோவாவில் உள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்துக்குப் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டன. ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்ல இரண்டு வரி கிடைக்கும். நிதி தந்தவர்கள், நெறியாளர் என்று அதுவும் நிரம்பிவிடும். எனக்கு அது போதாது, அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி டெக்கில் நின்றவர்களுக்கு. எங்கள் வேலையில் பாதி சிடிடி கருவியை நம்பியே இருக்கிறது. உப்புத்தன்மை, வெப்பநிலை, ஆழம் மூன்றையும் அளந்துகொண்டே அது கீழே போகும். அதைச் சுற்றி வட்டமாக நீர் பிடிக்கும் குப்பிகள். 4,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்க, நொடிக்கு ஒரு மீட்டர் என்று விட்டாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏறும்போது குறித்த ஆழங்களில் நிறுத்தி ஒவ்வொரு குப்பியாக மூட வேண்டும் என்பதால் இன்னும் கூடுதல் நேரம். தெற்கு அட்சரேகை 40 பாகையைத் தாண்டினால் மேற்குக் காற்றைத் தடுக்க நிலமே கிடையாது என்று சொல்லலாம். கப்பல் எழும்போது கருவி தொங்கும் கம்பி விறைக்கும், தாழும்போது தொய்யும். தொய்ந்த கம்பி வெடுக்கென்று இழுபட்டு அறுந்தால் கருவி கடலடிக்குத்தான் போகும். திரையைப் பார்த்து ஆழம் சொன்னது நான். அலையைப் பார்த்து, கம்பியை விட்டு இழுக்கும் வின்ச் பொறியை இயக்கியவர் டெக்கில் நின்ற ஓர் அண்ணன். கருவி நீரைவிட்டு மேலே வந்து ஆடும் நேரம்தான் மிக ஆபத்தானது. அப்போது விறைத்த விரல்களோடு கயிற்றைப் பிடித்து அதை நிலைநிறுத்தியவர்கள் டெக் பணியாளர்களின் தலைவரான போசன் அண்ணனும் அவருடைய ஆட்களும். நள்ளிரவு, விடியற்காலை என்று எப்போது கூப்பிட்டாலும் முகம் சுளிக்காமல் வந்தார்கள்.

கேப்டன் ஐயாவுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். புயல் நெருங்கியபோது நீர் எடுக்கக் குறித்திருந்த ஓர் இடத்தை விட்டுவிட்டு வடக்கே திரும்பச் சொன்னார். வரைபடத்தில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. டெக்கில் நின்ற எல்லோரும் முழுசாக வீடு திரும்பினார்கள். எனக்கு அதுதான் பெரிது.

ஆய்வகத் தோழர்களே, குப்பிகள் மேலே வந்ததும் முதலில் ஆக்சிஜனுக்கான நீரைக் காற்றுக்குமிழி படாமல் பிடித்து, அப்புறம் கார்பன், சத்துப்பொருட்கள், கடைசியில் உப்பு என்று வரிசை தவறாமல் நின்றீர்கள். குமட்டலோடு நின்றவர்களும் உங்களில் உண்டு. மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் கடல்கள் உறிஞ்சும் பங்கில் ஏறத்தாழ 40 சதவீதத்தைத் தென்பெருங்கடலே எடுத்துக்கொள்கிறது. அங்கே ஆர்கோ எனப்படும் தானியங்கி மிதவைகள் ஆளில்லாமலே அளந்துகொண்டிருக்கின்றன, உண்மைதான். ஆனால் அவற்றின் உணரிகள் காட்டும் அளவு நாளடைவில் பிசகிப்போனால், சரிபார்க்கக் கப்பலிலிருந்து இறக்கிய கருவியும் கையால் பிடித்த நீரும் வேண்டும். நீங்கள் பிடித்த ஒவ்வொரு குப்பியும் அந்த வகையில் வருங்காலத்துக்கான அளவுகோல்.

சமையற்கூடத்து அண்ணன்மார்களுக்கு: தட்டு நிற்காத மேசையில் எங்களுக்குச் சூடான ரசம் கிடைத்தது. வயிற்றில் எதுவும் தங்காத நாட்களில் அதுதான் தங்கியது. கடற்பிணியில் படுத்தவர்களை இரவெல்லாம் வந்து பார்த்த மருத்துவருக்கும், கண்ணில் படாமலே இயந்திர அறையில் உழைத்தவர்களுக்கும் என் வணக்கம்.

நான் நேரில் அறியாத ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். 1983-ல் புறப்பட்ட இந்தியாவின் மூன்றாவது அண்டார்க்டிகா பயணத்தில் கடலியலாளர் அதிதி பந்த், புவியியலாளர் சுதிப்தா சென்குப்தாவோடு போனார். அந்தக் கண்டத்தில் கால்வைத்த முதல் இந்தியப் பெண் அறிவியலாளர்கள் அவர்கள். “பொம்பளப் பிள்ளையைக் கப்பலிலா அனுப்புவது?” என்று உறவுக்காரர்கள் கேட்டபோது, அம்மா அதிதி பந்த்தின் படத்தைத்தான் எடுத்துக் காட்டினார். அம்மா, அன்றைக்கு நீங்கள் என் பக்கம் நின்றதை மறக்க மாட்டேன். அப்பா, சாட்டிலைட் போனில் பேச்சு அறுந்து அறுந்து வந்தாலும் பொறுமையாகக் காத்திருந்தீர்கள்.

போசன் அண்ணன் கடைசி நாளில், “இவ்வளவு தண்ணியையும் எடுத்துட்டுப் போய் என்னம்மா கண்டுபிடிப்பீங்க, எங்களுக்கும் சொல்லுங்க” என்றார். பகுப்பாய்வு முடிந்ததும் வரைபடங்களை அச்சிட்டு, தமிழில் விளக்கம் எழுதி, கப்பலில் இருந்த ஒவ்வொருவருக்கும் அனுப்புகிறேன். முகவரி மாறியவர்கள் தெரியப்படுத்துங்கள்.

நன்றியுடன்,
உங்கள் கப்பலில் வந்த ஆய்வு மாணவி