மணிக்கணக்கைப் பார்த்துப் படகு வாங்குவோருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கேபின் குரூசர் (உள்ளே தங்கும் அறை கொண்ட மோட்டார் படகு) விற்பனை விளம்பரங்களில் தவறாமல் இடம்பெறுபவை இரண்டு: எஞ்சின் ஓடிய மணி நேரம், 'புது பெயின்ட்' என்ற சொல். வாங்குகிறவருக்கு இரண்டாலும் பெரிய பயன் இல்லை. பத்து வருடப் படகின் எஞ்சின் 200 மணி நேரம்தான் ஓடியது என்றால், மீதி நாளெல்லாம் உள்ளே உப்புநீர் தங்கியபடி சும்மா கிடந்தது என்றும் அர்த்தமாகலாம். ஃபைபர் படகில் பெரும் செலவு வைப்பது, புகக்கூடாத இடத்தில் புகுந்த தண்ணீர். தேட வேண்டியது அதைத்தான்.

மேல்தளத்தில் பெரும்பாலும் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரமோ பிளைவுட்டோ இருக்கும். கைப்பிடிக் கம்பிகளின் திருகுத் துளையில் சீலன்ட் விட்டுப்போனால் மழைநீர் அந்த மரத்துக்குள் இறங்கிவிடும். பிளாஸ்டிக் சுத்தியலால் சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனால் தெரியும்: நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், உளுத்த இடம் 'தொப்' என்று அமுங்கும். படகின் பின்முனையை அடைக்கும் பின்பலகையையும் இப்படியே தட்ட வேண்டும். ஸ்டெர்ன்டிரைவ் படகானால் (எஞ்சின் உள்ளே, புரொப்பெல்லரைச் சுழற்றும் டிரைவ் பின்பலகைக்கு வெளியே), ஒருவர் டிரைவின் அடிப்பாகத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைக்க, இன்னொருவர் பலகையைக் கவனிக்கட்டும். பலகை சேர்ந்து அசைந்தால் பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. அதைச் சரிசெய்ய எஞ்சினையே வெளியே எடுக்க நேரிடும்.

கரையேற்றிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. அடிப்பாகத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொப்புளம் இருந்தால் பயம் வேண்டாம், விலையைக் குறைக்க உதவும். மற்ற உலோகப் பாகங்களுக்குப் பதில் தான் அரிபடுவதற்காகப் பொருத்தும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருந்தால் அது தன் வேலையைச் செய்கிறது, மாற்றினால் போதும். வெகுநாள் நீரில் கிடந்தும் துளிகூடக் கரையவில்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்: இணைப்பு விட்டிருக்கும், அல்லது மேலே பெயின்ட் அடித்திருப்பார்கள். அதற்குப் பதில் டிரைவோ புரொப்பெல்லரோ அரிபடும்.

எஞ்சினை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்களோ என்று சந்தேகியுங்கள். நீலப் புகை, எண்ணெய் எரிவதன் அடையாளம். கடல்நீரை நேரடியாக ஓடவிட்டுக் குளிரவைக்கும் பெட்ரோல் எஞ்சினில் புகையை வெளியே கொண்டுபோகும் வார்ப்பிரும்புப் பாகங்களான மேனிஃபோல்டும் ரைசரும் உள்ளிருந்தே அரிக்கும். உப்புநீரில் ஐந்து முதல் ஏழு வருடம் தாங்கினால் அதிகம். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே ஓட்டை விழுந்து தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றச் சொல்லுங்கள். ஒன்றில் துரு தெரிந்தாலும் விசாரணை அங்கிருந்தே தொடங்க வேண்டும். அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையில் சிலிண்டர்களுக்கிடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் எஞ்சினுக்கு விலையே போடாதீர்கள்.

டிரைவின் கியர் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் சீல் போயிருக்கிறது. டிரைவுக்கும் பின்பலகைக்கும் நடுவே நீர் புகாமல் காக்கும் மடிப்பு உறையான பெல்லோஸ் ரப்பரை வெறுமனே பார்த்தால் போதாது. டிரைவை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, மடிப்புகளை விரலால் விரித்துப் பார்க்க வேண்டும். வெடிப்பு மடிப்பின் அடியில்தான் ஒளிந்திருக்கும். அது கிழிந்தால் படகுக்குள் நேராகத் தண்ணீர் வரும்.

கழிவறைக் குழாய்க்குச் சுலபமான சோதனை ஒன்று உண்டு. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் குழாய்மேல் சுற்றி, ஆறியதும் முகர்ந்து பாருங்கள். துணி நாறினால் குழாய் ஊறிப்போயிருக்கிறது. கேபினில் எவ்வளவு வாசனைத் திரவியம் தெளித்தாலும் போகாது.

வெள்ளோட்டத்தில் முழு வேகம் கொடுத்து, தயாரிப்பாளர் குறித்த ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) வருகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பியதும் எஞ்சின் மூடியைத் திறந்து, படகின் அடிக்குழியான பில்ஜில் புதிதாக நீர் சேர்ந்திருக்கிறதா, பெட்ரோல் வாடை வருகிறதா என்று கவனியுங்கள்.

படகு விளம்பரங்களை வெளியிடும் தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள்: மணிக்கணக்குக்குப் பக்கத்தில், ரைசரும் பெல்லோஸும் மாற்றிய ஆண்டையும், படகு கிடந்தது உப்புநீரிலா நன்னீரிலா என்பதையும் கேட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
படகுப் பராமரிப்புத் தொழிலில் உள்ள வாசகர்கள்