அந்தப் பாவு, நான் பிணைத்ததில்லை

அக்கா,

போன வெள்ளிக்கிழமை ஆறு தறியையும் எடைக்குப் போட்டுவிட்டேன். அம்மா சொல்லியிருப்பார். நீ ஃபோன் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. பேசினால் வேறெதையாவது பேசித் தப்பித்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன். சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பார்கள். மச்சானும் படிப்பார். அதனால் நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அன்றைக்கு நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. அது நமக்குள் இருக்கட்டும்.

நான் சொல்ல வந்தது 2012-இல் அந்த ராத்திரியைப் பற்றி.

கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்றே தெரியாத வருஷம். நாளில் பாதிக்கு மேல் தறி நின்றே கிடந்தது. பழைய பாவு தீர்ந்துவிட்டால், புதுப் பாவின் நெட்டிழைகளை ஒவ்வொன்றாக அதோடு பிணைக்க வேண்டும். அதற்கு வருகிறவர் அன்றைக்கு வரவில்லை. காலையில் தறி ஓடாவிட்டால் அடுத்த பாவு வேறு தறிக் குடோனுக்குப் போய்விடும் என்று, கூலிக்கு நெய்யப் பாவு கொடுக்கும் ஜவுளிக்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்பாவுக்கு அப்போதே கண் மங்கல். நீ ஒன்றும் பேசாமல் எழுந்து போய் நாலாம் நம்பர் தறிக்குப் பின்னால் உட்கார்ந்தாய். நான் எமர்ஜென்சி லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் செய்தது அவ்வளவுதான்.

மூவாயிரத்துச் சொச்சம் இழை. பழைய பாவில் ஒன்று, புதுப் பாவில் ஒன்று, விரலில் சாம்பல் தொட்டு ஒரு திருகு. லைட் மங்கி மங்கி அணைந்தது. அப்புறம் டார்ச். நான் ரெண்டு தடவை தூங்கி விழுந்தேன். நீ நிமிரவே இல்லை. "கொஞ்சம் கிட்டக்கப் பிடி கண்ணு" என்று மட்டும் அவ்வப்போது சொன்னாய். விடியக்காலை நாலரைக்குக் கரண்ட் வந்தது. வீதியில் இருந்த தறியெல்லாம் ஒரே சமயத்தில் சத்தம் போட ஆரம்பித்தன. நம் தறியும்தான். பிணைத்த இடமெல்லாம், இழைகள் நுழைந்து வரும் விழுதையும் அச்சையும் தாண்டி முன்னால் வந்தது. ஒரு இழை அறுபடவில்லை.

காலையில் ஜவுளிக்காரர் வந்தார். துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆருங்க பிணைச்சது?" என்றார். அப்பா என் தோளில் கை வைத்து, "சின்னவன்தானுங்க" என்றார்.

நீ ரெண்டடி தள்ளி மோர்ச் சொம்போடு நின்றாய். உன் விரல் நுனியெல்லாம் சாம்பல். சொம்பிலும் அந்தத் தடம் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு அப்போது இருபது வயது, சின்னப் பையன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆனால் அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று உனக்கும் தெரியும். உனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். ராத்திரி பூரா பெண் தறியில் உட்கார்ந்திருந்தாள் என்று ஊரில் பேச்சு வர வேண்டாம் என்று நினைத்திருப்பார். காலேஜைப் பாதியில் விட்டு வந்த எனக்கும் ஒரு பேர் வேண்டியிருந்தது. இதையெல்லாம் நியாயம் என்று சொல்லவில்லை. இல்லை, நியாயம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது.

அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. இத்தனை வருஷத்தில் ஒரு பாவு கூட நான் முழுசாகப் பிணைத்ததில்லை, அக்கா. இதை இன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொல்கிறேன். கேட்டால் நேரமில்லை என்பேன், ஆள் வைத்துச் செய்வேன். எல்லாரும் ஆள் வைத்துத்தான் செய்கிறார்கள், அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் இன்னொருத்தர் வேலையைத் தன் பேரில் வாங்கிக்கொண்டு தறிக்காரன் ஆகவில்லை.

தறி நின்றதற்குக் காரணம் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. 2021 நவம்பரில் சோமனூர் ரகத் துணிக்கு 23 சதவீதம் நெசவுக் கூலி ஏற்றுவதாகப் பேசி முடித்தார்கள். அது கைக்கு வராமல் 2022 ஜனவரியில் தறியை நிறுத்திப் போராடினோம். 2023-இல் இலவச மின்சாரம் 750 யூனிட்டிலிருந்து 1000 யூனிட் ஆனபோது கொஞ்சம் மூச்சு விட்டேன், அதுவும் நிலைக்கவில்லை. ஆனால் அதே கூலியில் இன்னமும் ஓட்டுகிறவர்கள் நம் வீதியிலேயே இருக்கிறார்கள். ஒவ்வொரு தடவை தறி நிற்கும்போதும் எனக்கு ஒரே நினைப்புத்தான்: அக்கா கையில் இருந்திருந்தால் நின்றிருக்குமா?

உன்மேல் கோபமும் இருக்கிறது. அன்றைக்குச் சோறு போடும்போது சிரித்துக்கொண்டே "தம்பி கை நல்ல கை" என்றாய். அதற்குப் பதில் ஓர் அறை விட்டிருக்கலாம். நீ சண்டை போட்டிருந்தால் நான் அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருப்பேன். வருஷா வருஷம் பொங்கலுக்கு வந்து போனாய், ஒரு தடவை கூடக் குடோனுக்குள் கால் வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே, "உனக்கென்ன, தறி இருக்குது" என்பாய். அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை ராத்திரி தூக்கம் போயிருக்கிறது தெரியுமா? தெரிந்துதான் சொன்னாயா? நீ அப்படிப்பட்டவள் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் பெருந்துறையிலிருந்து பஸ் ஏறி வந்து ரசம் வைத்துக் கொடுத்தவள்.

திங்கட்கிழமை பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். தந்தையின் தொழில் என்ற இடத்தில் எதுவும் எழுத முடியவில்லை. பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். "தறின்னு எழுதுங்கப்பா" என்றாள். கடைசியில் அவளே எழுதிக்கொண்டு போனாள்.

நாலாம் நம்பர் தறியின் அச்சையும் விழுதையும் மட்டும் எடைக்குப் போடவில்லை. பாவு அறுத்த இடத்தில் இழை தொங்குகிறது. முந்தாநாள் ராத்திரி குடோன் கதவைச் சாத்திக்கொண்டு, விரலில் சாம்பல் தொட்டு, மிச்சம் கிடந்த நூலோடு பிணைத்துப் பார்த்தேன். நூறு இழை வந்திருக்கும். இழுத்தால் பத்துக்கு மூணு கழன்றுவிடுகிறது.

எந்தப் பக்கம் திருக வேண்டும் அக்கா, உள்பக்கமா, வெளிப்பக்கமா? அன்றைக்கு ராத்திரி முழுக்க லைட்டைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். உன் விரலை நான் பார்க்கவே இல்லை.

தம்பி